நம்பாத குரல்

ஜூன் 4, செவ்வாய்

ஒலிப்பதிவுக்கு அடுத்து நான் வாசிக்க வேண்டிய நூல் இன்று கைக்கு வந்தது. எண்பது வருடமாக அச்சில் இருக்கிற நாவல்; கல்லூரியில் எங்களுக்குப் பாடமாக இருந்தது. அட்டையைப் பார்த்ததும் 'ஐயோ, இவளா!' என்றுதான் தோன்றியது.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்கிறாள். பெற்றோர் வெளியூரில், இவளை அத்தை வீட்டில் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒருவரையும் அவளுக்குப் பிடிக்காது. அத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூக்கை உறிஞ்சுகிறாள் என்று எண்ணுகிறாள். வயதான காவல்காரரின் கண்ணாடியை ஒளித்துவிட்டு அவர் தடவித் தடவித் தேடுவதை வேடிக்கை பார்க்கிறாள். கால் கழுவாமலே கழுவினேன் என்கிறாள். ஒரு நாள் வீடு எரிந்துபோகிறது. திரைச்சீலைக்கு அடியில் விளக்கை வைத்தது காவல்காரர்தான் என்கிறாள். 'விளக்கை நான் தொடவில்லை.' புத்தகம் முழுக்க இதையே விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இறுதியாண்டில் இவளைப் பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதினேன். தீ வைத்தது அவளேதான் என்று பக்க எண்களோடு நிரூபித்தேன். சின்ன விஷயத்தில் இத்தனை பொய் சொல்கிறவள் பெரிய விஷயத்தில் மட்டும் உண்மையா சொல்வாள்? பேராசிரியை என்னை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். இன்றைக்கும் அது நினைவில் இனிக்கிறது. வெட்கமில்லாமல்.

பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் வாசிக்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. விசிறி கிடையாது, அதன் சத்தம் பதிவாகும். பக்கம் திருப்பும் சத்தமும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் மனதில் ஏற்றிக்கொண்டு, சொல்லி முடித்து, நிறுத்தி, திருப்பி, மறுபடி மூச்சு எடுக்க வேண்டும். வயிறு இரைந்தால்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கிவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'காது'.

வீட்டுக்கு வந்தேன். எங்களோடு தங்கியிருக்கிற அக்கா மகள் எனக்கு அரை மணி நேரம் கழித்து வந்தாள். "பஸ்ஸே வரல சித்தி." அவள் சொல்கிற பஸ்ஸில்தான் நான் வந்தேன்.

ஜூன் 6, வியாழன்

பல் தேய்த்தேன் என்றாள். பிரஷ் காய்ந்து கிடக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கருகின வாடை. ஓடிவந்து பார்த்தால் அடுப்பில் பால் பாத்திரம், பால் போய் வெறும் கரி. சமையலறையில் யாரும் இல்லை. இவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் காதில் ஹெட்போனோடு சோபாவில், காலை மேலே போட்டுக்கொண்டு.

"யாரு வெச்சது இதை?"

அவள் நிமிரவே இல்லை. "சித்தப்பாதான். வெச்சுட்டு மறந்துட்டாரு. இப்பல்லாம் அடிக்கடி மறக்கறாரு."

இவர் என்னைப் பார்த்தார். "நான் சமையல்கட்டுப் பக்கமே போகலையே?"

இருபத்தி இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த மனிதர். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வீட்டு வரைபடம் வரைகிறவர். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராது. அவரைப் பார்த்து மறதி என்கிறாள், அதுவும் அந்த அலட்சியத்தோடு. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது — காவல்காரர் விளக்கை வைத்தார் என்று அந்தப் பெண் சொல்கிற அத்தியாயத்தைத்தான் அடுத்த வாரம் நான் வாசிக்க வேண்டும். புத்தகத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்து என் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாளோ?

அக்காவுக்கு மாற்றல் வந்தபோது, பள்ளியில் இன்னும் ஒரு வருடம்தான், இப்போது மாற்ற வேண்டாம் என்று நானேதான் இவளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்று நினைத்தேன். நாலு மாதமாகிறது. சத்தம் எல்லாம் அந்த ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

ஐந்தாம் அத்தியாயம். 'காது' மூன்று தடவை கையைத் தூக்கினார்.

"மேடம், 'விளக்கை நான் தொடவில்லை'ன்னு வருதே, அங்க லேசா ஒரு சிரிப்பு கேக்குது."

"நான் சிரிக்கலையே."

"நீங்க சிரிக்கல. உங்க குரல் சிரிக்குது. 'ஆமாமா, நீ தொடவே இல்ல'ங்கற மாதிரி."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். போட்டுக் காட்டினார். இருந்தது. அதனால் என்ன? அவள் பொய்க்காரி, கேட்கிறவருக்கு அது தெரிய வேண்டாமா? நேரமாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டோம்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் வீட்டுச் சாவியைக் காணோம். முக்கால் மணி நேரம் தேடினோம். குளிர்சாதனப் பெட்டியில், முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. சாவி ஜில்லென்று.

அவளைப் பார்த்தேன். அவள் இவரைப் பார்த்தாள். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, நான்தான். போதுமா?" என்றாள்.

"எதுக்குடி?"

"சும்மா."

கண்ணாடியை ஒளித்துவிட்டு வேடிக்கை பார்க்கிற அதே 'சும்மா'. கோபத்துக்கு அடியில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். கட்டுரைக்கு ஒரு சான்று கிடைத்தால் வருமே, அந்தத் திருப்தி.

அக்காவிடம் போனில் சொன்னேன். "அவளுக்கு வாய் ஜாஸ்திதான். ஆனா இந்த மாதிரி வேலையெல்லாம் பண்ண மாட்டாளேடி" என்றாள். தாய். வேறு எப்படிச் சொல்வாள்?

ஜூன் 22, சனி

கடைத்தெருவில் இவருடைய பொறியாளரைப் பார்த்தேன். "சாருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்றார்.

"காய்ச்சலா?"

"புதன்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணேன். உங்க வீட்டுப் பொண்ணு எடுத்து, காய்ச்சல், படுத்திருக்கார்னு சொல்லிச்சே. ஒரு வரைபடம் பத்திக் கேக்கணும்னு... பரவாயில்ல, நானே சரி பண்ணிட்டேன்." ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. புதன்கிழமை இவர் கல்லு மாதிரி இருந்தார். வேலை குறைவு என்று ஒரு மாதமாகவே மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அன்றும் வந்து சாப்பிட்டுப் படுத்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சித்தப்பாவுக்குக் காய்ச்சல்னு எதுக்குப் பொய் சொன்னே?"

"தோணுச்சு, சொன்னேன்."

"அவர் வேலைக்கு உலை வைக்கப் பாக்கறியா?"

ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்னிடம் பெயர் இல்லை. திமிர்தான், வேறென்ன. "நீங்க எப்படி வேணா நெனச்சுக்குங்க சித்தி."

அவள் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு ஹாஸ்டல் இருக்கிறது. ஜூலை முதல் தேதியிலிருந்து ஓர் இடம் காலி. விசாரித்துவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "கண்ணால பாத்த ஒரு விஷயம் சொல்லு. நானே அவளைக் கூப்பிட்டுச் சொல்றேன். சும்மா சந்தேகத்துல புள்ளைய வெளிய அனுப்பாதே" என்றாள்.

கண்ணால் பார்த்தது. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஜூன் 25, செவ்வாய்

புத்தகம் திரும்பி வந்துவிட்டது.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம்: பாதி முடிந்ததும் பதிவை ஒருவர் கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டது 'எக்ஸ்சேஞ்ச் அம்மா'. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். போனில் வந்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணை உனக்குப் பிடிக்கல, இல்ல?"

"யாருக்கும் பிடிக்காதும்மா. அப்படித்தான் எழுதியிருக்கு."

"பிடிக்காம இருக்கட்டும், தப்பில்ல. ஆனா நீ அவளை நம்பவே இல்லியே. அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே உன் குரல் தீர்ப்பு சொல்லிடுது. அவளை நம்பறதா வேண்டாமாங்கறதை என்கிட்ட விடு. அதுக்குத்தானே நான் புத்தகம் கேக்கறேன்?"

எட்டு அத்தியாயங்களை மறுபடி வாசிக்க வேண்டும். மூன்று வருடத்தில் முதல் தடவை. முகம் இன்னும் எரிகிறது. தீர்ப்பாம்! சான்றுகளோடுதானே சொல்கிறேன்?

சான்று...

ஜூன் 27, வியாழன்

வீட்டில் ஒத்திகை பார்க்க என்று நூலகத்தின் கைப்பதிவுக் கருவியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தீப்பெட்டி அளவுதான். எட்டு மணி நேரம் ஓடும். காலையில் கிளம்பும்போது அதை ஓடவிட்டுச் சமையலறை அலமாரியில், தேயிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

நாற்பத்தி ஆறு வயதில் இதைச் செய்கிறேன். அக்கா கண்ணால் பார்த்ததைக் கேட்டாள். நான் காதால் கேட்டதைக் கொடுக்கிறேன்.

சாயங்காலம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் வழக்கம்போல் நிமிரவில்லை. நாளை கேட்க வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

கேட்டேன். எழுத வரவில்லை.

ஜூன் 29, சனி

எழுதிவிட வேண்டும்.

முதலில் வெகுநேரம் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் மட்டும். ஒரு மணிக்கு மேல் இவர் வருகிறார். நாற்காலி இழுபடுகிறது. எல்லா டப்பாவையும் திறந்து திறந்து மூடுகிறார். ஏதோ தேடுகிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடம். தேடுகிற மாதிரியே இல்லை. என்ன தேடுகிறோம் என்பதைத் தேடுகிற மாதிரி.

பிறகு வாசல் கதவு. அவள்.

"வந்துட்டியா? பரீட்சை எப்படி?"

"இன்னிக்குப் பரீட்சை இல்ல சித்தப்பா."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வந்துட்டியா? பரீட்சை எப்படி?"

சின்ன இடைவெளி. "நல்லா எழுதினேன் சித்தப்பா."

பிஸ்கட் பொட்டலம் கிழிபடுகிறது.

"பரீட்சை எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சு. நான் படிச்ச கேள்வியே மொதல்ல வந்துடுச்சு."

மூன்று தடவையும் முதல் தடவை போலவே சொல்கிறாள். அலுப்பு இல்லை, நக்கல் இல்லை. பாவம் என்கிற இழுப்பும் இல்லை. நான் குரலை வைத்துப் பிழைக்கிறவள். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

அடுப்பு பற்றுகிற சத்தம். "சித்தப்பா, தள்ளுங்க, நான் டீ போடறேன். நீங்க அங்க உக்காருங்க." "நான் போடறேனே?" "உங்க டீ நல்லா இல்ல சித்தப்பா. கழனித் தண்ணி." இவர் சிரிக்கிறார். இப்படி இவர் சிரித்துக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று?

அப்புறம் இவர் குரல், தணிவாக: "சித்திகிட்ட சொல்லிடாதம்மா. பயந்துடுவா."

அவள்: "சொன்னேனே ஒரு தடவை. நம்பல. இனி சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நீங்க கவலையே படாதீங்க."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

பால் பாத்திரம். சாவி. காய்ச்சல். அவள் இவரைப் பார்த்தாளே அன்றைக்கு, 'நான்தான்' என்று சொல்வதற்கு முன்னால்! ஐயோ, நான் ஒரு மடச்சி. எதிரிலேயே நின்றேன். பார்த்தேன். எல்லாம் பார்த்தேன்!

ஜூன் 30, ஞாயிறு

இவர் குளிக்கப் போனபோது அவள் அறைக்குப் போனேன்.

"சித்தப்பா விஷயம் எனக்குத் தெரியும்."

ஹெட்போனைக் கழற்றினாள். "அவரா சொன்னாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். "இல்ல. சமையல்கட்டுல ரெக்கார்டர் வெச்சேன்."

முகம் சிவந்தது. "என்னைப் பிடிக்கறதுக்கா?"

"ஆமா."

"நான் வாயால சொன்னப்போ நம்பல. டப்பா சொன்னா நம்பறீங்க."

மன்னித்துக்கொள் என்றேன். "ம்" என்றாள். அது சரி என்கிற 'ம்' இல்லை.

"ஹாஸ்டலுக்கு நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா சொல்லியிருப்பாள்.

"நீ எங்கயும் போக வேண்டாம்."

"போலாம்னுதான் பையில துணி எடுத்து வெச்சேன். அங்க யாரும் என்னை ரெக்கார்ட் பண்ண மாட்டாங்க." கட்டிலுக்கு அடியில் பை இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா நான் போனா மூணு மணிக்கு அவரே டீ போடப் போவாரு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஜூலை 4, வியாழன்

மருத்துவரிடம் போனோம், மூவரும். அவளை நான் கூப்பிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு மாசமா இருக்கும்..."

"மார்ச் பதினொண்ணு," என்றாள் அவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கணக்குக்கு ஒரு படம் போட்டுத் தரச் சொன்னேன். பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டே பென்சில் எங்கன்னு கேட்டாரு. அப்புறம் ஏப்ரல்ல ரெண்டு தடவை. மே மாசம் நம்ம தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போயிட்டாரு. மீதியையும் சொல்லவா?" எல்லாம் போனில் தேதியோடு இருந்தது. மருத்துவர் எழுதிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். இவர் கையாலேயே ஒரு வட்டம் போட்டார். காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி அத்தனை சுத்தமான வட்டம். எண்களை எல்லாம் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, மிச்சமிருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வழியில் அவள் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன்." மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. டாக்ஸி ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 9, செவ்வாய்

சோதனை முடிவுகள் வந்தன. ஐம்பத்தி நான்கு வயதில் இது சீக்கிரம்தான், ஆனால் வராமல் இல்லை என்றார் மருத்துவர். மாத்திரை வேகத்தைக் குறைக்கும். நிறுத்தாது.

பொறியாளருக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த வரைபடத்துல ஒரு ரூமுக்குக் கதவே போடல மேடம். ஜன்னல் ரெண்டும் அவ்வளவு அழகா இருக்கு. உள்ள போகத்தான் வழியில்ல." இவர் வேலைக்கு வரலாம், பழைய வரைபடங்களை எடுத்து அடுக்கட்டும், எப்போது முடியுமோ அப்போது என்றார். நல்ல மனிதர்.

இவரிடம் சொன்னேன். "உனக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். இந்தத் தடவை நான் அழுதுவிட்டேன். தப்பு.

ஜூலை 16, செவ்வாய்

மறுபதிவு. முதல் அத்தியாயத்திலிருந்து.

வீட்டில் இருக்கிற பெண் உண்மை சொன்னாள் என்பதற்காகப் புத்தகத்தில் இருக்கிறவளும் உண்மை சொல்கிறாள் என்று ஆகிவிடாது. அவள் இன்னும் காவல்காரரின் கண்ணாடியை ஒளிக்கத்தான் செய்கிறாள். எனக்கு இன்னும் அவளைப் பிடிக்கவில்லை. ஒருவேளை தீ வைத்தவளும் அவள்தானோ என்னவோ. என் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கேள்வி இல்லை: அந்தக் காவல்காரரை யாராவது ஒரு தடவை சரியாகப் பார்த்தார்களா? நாவலில் அவர் இரண்டு இடத்தில் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கைத் தேடுகிறார். அவரைக் கேலி செய்ய அவள் கட்டிச் சொன்னது என்று எழுதியிருந்தேன். பக்க எண்ணோடு.

'விளக்கை நான் தொடவில்லை.' சொன்னேன். 'காது' கையைத் தூக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எக்ஸ்சேஞ்ச் அம்மா போன் செய்தார். "ரெண்டு தடவை கேட்டேன். என்னால ஒரு முடிவுக்கு வர முடியல. இப்பதாம்மா சரியா இருக்கு." பிறகு, "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? குரல் எறங்கியிருக்கே?" என்றார். அவரிடம் எதையும் மறைக்க முடியாது. சொன்னேன். எல்லாவற்றையும், தேயிலை டப்பா உட்பட.

அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "அந்தப் பொண்ணு உன்கூட பேசுதா?"

"பஸ் வரலன்னு மட்டும் பேசறா."

"அப்ப பேசுதுன்னுதான் அர்த்தம்," என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாவல் முடிந்தது. பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இவர் கூடத்தில் இருந்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் புத்தகத்தைப் பரப்பியிருந்தாள். இவர் கேட்டார்: "புத்தகம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

கை கால் கழுவிவிட்டு வந்தேன். "புத்தகம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுடுச்சுங்க! இன்னிக்குத்தான் முடிச்சேன்!" என்றேன் சிரித்துக்கொண்டே.

மேஜையிலிருந்து குரல் வந்தது, நிமிராமல். "சித்தி, ரொம்ப நடிக்கறீங்க. சும்மா சாதாரணமா சொல்லுங்க."

இவர் செய்தித்தாளை மடித்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா? புத்தகம் முடிஞ்சுதா?"

மூச்சு எடுத்துக்கொண்டேன். "முடிஞ்சுதுங்க."

அவள் இந்தத் தடவை திருத்தவில்லை. பென்சிலை எடுத்து அடுத்த கணக்குக்குப் போனாள்.